மாதிரி சரக்கு வேகனில் வெயிலும் மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கச் சரக்கு வேகன்களின் மாதிரிகளைப் பழசாக்குவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அளவு குறிப்பிடாத இடங்களில் ஹெச்ஓ, அதாவது 1:87 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிஜ வேகனில் இருக்கும் எந்தக் கறையும் சும்மா வந்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பிரஷ்ஷை எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெதரிங் என்றால் துரு பூசுவதுதானே?

துரு அதில் ஒரு பகுதி. வெயில், மழை, புகை, தூசி, ஏற்றிய சரக்கு, பட்டறையில் நடந்த பழுதுபார்ப்பு எல்லாம் ஒரு வேகனில் விட்டுப்போகும் தடங்களை மாதிரியில் கொண்டுவருவதைத்தான் வெதரிங் என்கிறோம். பல வேகன்களுக்குத் துருவே வேண்டாம். நிறம் கொஞ்சம் மங்கி, அடிப்பகுதியில் தூசி படிந்தால் போதும், அது தண்டவாளத்தில் ஓடும் வண்டியாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வருடத்திலிருந்து. உங்கள் ரயில்பாதை எந்த வருடத்தைக் காட்டுகிறது என்று முடிவு செய்யுங்கள். "ஐம்பதுகள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1957 என்று ஒரு எண்ணைப் பிடியுங்கள். அது முடிவானதும் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு வயது வந்துவிடும். 1956இல் கட்டிய பாக்ஸ்கார், அதாவது கூரையும் கதவும் உள்ள மூடிய வேகன், கிட்டத்தட்ட புதுசு, அடியில் தூசி மட்டும் இருக்கும். 1948இல் கட்டியது ஒன்பது வருடம் வெயில் தின்றது. 1930களில் கட்டியது இன்னும் ஓடுகிறது என்றால் நடுவில் மறுபடி பெயிண்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அதன் நிறம் 1948 வேகனைவிடப் புதிதாகக்கூட இருக்கலாம். வயதான வேகன்தான் அதிக அழுக்காக இருக்கும் என்ற கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது.

மேல் வரம்பும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ரயில்வே சங்கத்தின் விதிப்படி, 1974 ஜூலை 1க்கு முன் கட்டிய வேகன்கள் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொரு ரயில்வேக்குப் போய்வரும் சேவையில் பொதுவாக 40 வருடம்தான் ஓடலாம். அதற்குப் பின் கட்டியவற்றுக்கு 50 வருடம். 1948 பாக்ஸ்காரை 2000ஆம் வருடத்து ரயிலில் சரக்கோடு கோர்த்தால், விவரம் தெரிந்தவர்கள் உடனே கவனிப்பார்கள்.

படங்களை எங்கே தேடுவது? அவற்றில் எதைப் பார்ப்பது?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படத் தொகுப்பு நல்ல தொடக்கம். 1942 கடைசியிலும் 1943 தொடக்கத்திலும் ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் போர்க்காலத் தகவல் அலுவலகத்துக்காகச் சிகாகோவைச் சுற்றியிருந்த ரயில் யார்டுகளைப் படமெடுத்தார். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் புரோவிசோ யார்டும் அதில் வருகிறது. சில படங்கள் வண்ணத்திலேயே இருக்கின்றன. உயரத்திலிருந்து எடுத்தவற்றில் நூற்றுக்கணக்கான வேகன் கூரைகள் தெரியும். மாதிரி ரயிலை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம், ஆனால் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் எடுத்தவை. அதனால் கூரை தெரியும் படம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஒவ்வொரு ரயில்வேக்கும் ஆர்வலர்கள் நடத்தும் வரலாற்றுச் சங்கங்கள் உண்டு. வேகன் எண்களுக்கும் அளவுகளுக்கும் அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் என்ற பட்டியல் இருக்கிறது. எந்த ரயில்வேயிடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்ன வகை வேகன்கள் இருந்தன என்று அதில் பார்க்கலாம். மாதிரி வந்த அட்டைப்பெட்டியின் மேல் உற்பத்தியாளர் போட்டிருக்கும் விவரத்தை இதோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

படம் கிடைத்ததும், அது எந்த வருடம் எடுத்தது என்று முதலில் பாருங்கள். 1975இல் எடுத்த படத்தை வைத்து 1955க்கான வேகனைப் பழசாக்கினால் இருபது வருட வெயிலைக் கூடுதலாக ஏற்றிவிடுவீர்கள். அடுத்து நிறம். பழைய வண்ணப் படங்களில் பல காலத்தால் சிவப்புப் பக்கமோ நீலப் பக்கமோ சாய்ந்திருக்கும். படத்துக்குள் நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிறத்தை, உதாரணமாக வெள்ளை எழுத்தையோ சரளைக் கல்லையோ தேடி, அதை வைத்து மற்றதை எடைபோடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை ஒதுக்கவும் வேண்டாம். எது எதைவிட இருண்டது என்பதை அது வண்ணப் படத்தைவிடத் தெளிவாகச் சொல்லும்.

நான் ஒரு வேகனுக்கு மூன்று படமாவது சேர்க்காமல் உட்காருவதில்லை. ஒன்று அதே எண் வரிசையைச் சேர்ந்தது, ஒன்று அதே கட்டமைப்பு கொண்ட வேறு ரயில்வேயின் வேகன், ஒன்று அதே காலத்துக் கூரை.

வேகனில் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள் காலத்தைக் காட்டுமா?

கண்டிப்பாகக் காட்டும். வெதரிங்கின் பாதி இதில்தான் இருக்கிறது. கட்டிய மாதமும் வருடமும் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். காலி எடைக்குப் பக்கத்தில், கடைசியாக எங்கே எப்போது எடைபோட்டார்கள் என்ற குறி இருக்கும். நீராவிக் காலத்திலும் அதற்குப் பின் சில காலமும் வேகன்களை அவ்வப்போது மறுஎடை போடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டை ஒரு செவ்வகமாக அடித்து, மேலே புது எண்களைப் பதிப்பார்கள். வேகன் முழுக்க மங்கிக் கிடக்க, அந்தச் செவ்வகம் மட்டும் அசல் செங்காவியாகத் துலங்கும். விரல்நகம் அளவுகூட இல்லாத இந்த ஒட்டு, ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) ஒரு மணி நேரம் செய்யும் வேலை தராத நம்பகத்தைத் தந்துவிடும்.

பிற்காலத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு. 1966இலிருந்து புதிதாகக் கட்டும் பாக்ஸ்கார்களின் கூரையில் நடைபலகை வைப்பதை நிறுத்தினார்கள். பழைய வேகன்களிலிருந்து அதைக் கழற்றி முடிக்க மேலும் பல வருடங்கள் ஆயின. 1967இல் ஏ.சி.ஐ. பட்டைகள் வந்தன: சிவப்பும் நீலமும் வெள்ளையும் கறுப்புமாக, ஏணிப்படி போல அடுக்கிய வண்ணக் கோடுகள். தண்டவாளத்தின் ஓரம் வைத்த கருவி அதைப் படித்து வேகனை அடையாளம் காண வேண்டும் என்பது திட்டம். அழுக்குப் படிந்த பட்டையைக் கருவியால் சரியாகப் படிக்க முடியவில்லை, 1977இல் கைவிட்டார்கள். வெதரிங் செய்கிறவர்களுக்கு இது நல்ல பாடம்: அந்தப் பட்டை சுத்தமாக இருக்கவே கூடாது. 1977க்குப் பின்னும் அவற்றை யாரும் தேடிப் பிடித்து அகற்றவில்லை, மங்கிக் கிழிந்து பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தன.

1970களின் தொடக்கத்தில் பராமரிப்பு விவரங்களை எழுத, வெள்ளை ஓரம் போட்ட கறுப்புப் பலகை போன்ற கட்டங்கள் வந்தன. 1978இல் ஒரு குறிப்பிட்ட வகைச் சக்கரம் விரிசல் விடுவதைக் கண்டறிந்து ஓடிக்கொண்டிருந்த வேகன்களைச் சோதித்தார்கள். சோதித்ததற்கு அடையாளமாகக் கறுப்புச் சதுரத்தில் ஒரு புள்ளி. மஞ்சள் புள்ளி என்றால் அந்தச் சக்கரம் இல்லை என்று பொருள். 2005இல் வந்த விதிப்படி மஞ்சள் அல்லது வெள்ளை ஒளிர்பட்டைகள் பக்கவாட்டில் ஏறத் தொடங்கின. உங்கள் வருடம் 1985 என்றால், 1978க்கு முன் கட்டிய வேகன்களில் மஞ்சள் புள்ளி பொருந்தும், ஒளிர்பட்டை கூடாது.

துரு எங்கே வரும்?

தண்ணீர் நிற்கும் இடத்திலும், பெயிண்ட் அடிபட்ட இடத்திலும், பெயிண்ட் பிடிக்காத இடத்திலும்.

தண்ணீர் நிற்பது கிடைமட்ட விளிம்புகளில்: பக்கவாட்டுத் தகட்டின் அடி ஓரம், கதவு ஓடும் தடம், ஏணிப்படிகள் உடலில் பொருந்தும் இடம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பு. அடிபடுவது கதவைச் சுற்றியும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளிருந்து இடித்து வெளியே புடைத்த தகடுகளிலும். பெயிண்ட் பிடிக்காததற்குச் சிறந்த உதாரணம் கூரை. பல பாக்ஸ்கார்களின் கூரைத் தகடு துத்தநாகம் பூசியது. அதன்மேல் பெயிண்ட் சரியாக ஒட்டாது. சில வருடங்களில் பெரிய பெரிய செதில்களாக உரிந்துவிடும். உரிந்த இடத்தில் உடனே துரு தெரியாது, சாம்பல் நிற உலோகம்தான் தெரியும். துத்தநாகமும் தேய்ந்தபின்தான் துரு. கூரை முழுக்க ஒரே செம்பழுப்பு அடித்துவிட்டால் இந்தக் கதை காணாமல் போய்விடும்.

துருவின் நிறத்திலும் பலர் தவறுகிறார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு என்பது நேற்றைய மழையின் துரு. வருடக்கணக்கான துரு இருண்ட பழுப்பு, கிட்டத்தட்ட கறுப்பு. ஒரு துருப்புள்ளி நடுவிலிருந்து வெளியே வளர்வதால், நடு இருண்டும் ஓரம் வெளிறிய ஆரஞ்சாகவும் இருக்கும். அதிலிருந்து மழை இழுத்த கோடு, புள்ளிக்கு அருகில் அடர்ந்து, கீழே போகப்போக மெலிந்து மறையும்.

எல்லா வேகனும் துருப்பிடிக்குமா?

இல்லை. மரப்பலகை அடித்த பழைய பாக்ஸ்காரில் பலகை வெளிறும், பெயிண்ட் உரியும், ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் வேறு நிறமாகும். துரு அதன் இரும்புச் சட்டத்திலும் ஆணி, தாழ்ப்பாள்களிலும் மட்டும்தான். அலுமினிய நிலக்கரி வேகனும் துருப்பிடிக்காது. அதில் கரித்தூசியும் மங்கிய உலோகச் சாம்பலும்தான்.

துரு போக, அழுக்கு எப்படிப் படிகிறது?

சக்கரங்கள் மழை நாளில் தண்டவாளத்து நீரையும் சேற்றையும் மேலே வாரி அடிக்கின்றன. அதனால் வேகனின் முன்பின் முகப்புகளில், சக்கரங்களுக்கு நேர் மேலே, இரண்டு செங்குத்தான பட்டைகளாக அழுக்கு ஏறும். நடுவில் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். இந்த இரட்டைப் பட்டையைப் போட்டுப் பாருங்கள், பக்கவாட்டில் ஒன்றுமே செய்யாவிட்டாலும் வேகன் பல ஆயிரம் மைல் ஓடியது போல் தோன்றும்.

பக்கவாட்டின் அடியில் சரளைத் தூசியும் பிரேக் ஷூ தேய்ந்த பொடியும் படியும். நீராவிக் காலம் என்றால் கூரையில் புகைக்கரி. வெள்ளை எழுத்துகளிலிருந்து கீழே பால் வழிந்தது போன்ற மெல்லிய கோடுகளைச் சில படங்களில் பார்ப்பீர்கள். வெள்ளை நிறமி வெயிலில் சுண்ணாம்புப் பொடி போலாகி மழையில் இறங்குவதுதான் அது.

வேகன் வகைக்கு வகை வித்தியாசம் உண்டா?

நிறைய. இங்கேதான் சரக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஹாப்பர் என்பது சரக்கை அடிவழியே கொட்டும் வேகன். நிலக்கரி ஹாப்பரின் உட்புறச் சரிவுத் தகடுகளை நிலக்கரி ஒவ்வொரு முறை சரியும்போதும் உரசிவிடும். அங்கே பெயிண்ட் தங்காது. வேகன் ஓடிக்கொண்டே இருந்தால் மழுங்கிய உலோகமும், சும்மா நின்றால் துருவும் தெரியும். இரும்பு ஆலைகளுக்குப் போகும் கொண்டோலாவின் (கூரையில்லாத திறந்த வேகன்) பக்கத் தகடுகள் உள்ளிருந்து இடிபட்டு வெளியே புடைத்திருக்கும். பிளாஸ்டிக் மாதிரியின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி மெலிதாக்கி, பழைய கரண்டியின் பின்பக்கத்தைச் சூடாக்கி மெதுவாக அழுத்தினால் புடைப்பு வரும். முதலில் வேண்டாத ஒரு வேகனில் கை பழகுங்கள்.

சிமெண்ட் ஏற்றும் மூடிய ஹாப்பர் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றும்போது மூடியைச் சுற்றிச் சிந்திய சிமெண்ட், மழையிலும் பனியிலும் நனைந்து அங்கேயே இறுகிவிடும். கூரையில் வெளிர்சாம்பல் தடிப்பும், பக்கவாட்டில் இறங்கிய கோடுகளும் வேகன் எதைச் சுமந்தது என்பதை எழுத்தில்லாமலே சொல்லிவிடும். டேங்க் வேகனில் கறை நடுவில், மேல் வாயிலிலிருந்து கீழே வழியும். என்ன நிறம் என்பதைச் சரக்கு தீர்மானிக்கும்: வெள்ளைக் களிமண் கரைசல் ஏற்றியது வெள்ளையாக வழிந்திருக்கும், கச்சா எண்ணெய் ஏற்றியது கறுப்பாக, பளபளப்போடு வழிந்திருக்கும். எண்ணெய்க் கறைக்கு மட்டும் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பைப் போக்கும் வார்னிஷ், வேண்டாம்.

பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரீஃபர்களில் பனிப்பெட்டி இரண்டு முனைகளிலும் இருந்தது. இறைச்சி ஏற்றியவற்றில் பனியோடு உப்பும் போட்டார்கள். உப்புநீர் இரும்பை எப்படி அரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முனைகளின் கீழ்ப்பகுதியில் துருவைக் கூட்டுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

தொடங்க அதிகம் வேண்டாம். மேட் வார்னிஷ், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியென்னா, ரா அம்பர் என்ற மூன்று எண்ணெய் வண்ணக் குழாய்கள், வாசனையில்லாத மினரல் ஸ்பிரிட், கறுப்பும் பழுப்பும் வெளிர்சாம்பலுமாக மூன்று வெதரிங் பவுடர்கள், ஒரு தட்டையான பிரஷ், ஒரு மெல்லிய பிரஷ், மேக்கப் போடும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. ஏர்பிரஷ் இருந்தால் நிறம் மங்கவைப்பதும் தூசி படியவைப்பதும் சுலபம், ஆனால் அது இல்லாமலே மிக நல்ல வேகன்கள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நிஜ இரும்பைச் சுரண்டி எடுத்த துருப்பொடியைச் சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. அதில் இரும்புத் துகளும் சேர்ந்திருக்கும், இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும்.

ஒரு பாக்ஸ்காரை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது?

முதலில் போகிகளையும் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) கப்ளர்களையும் (வேகன்களைக் கோர்க்கும் கொக்கிகள்) கழற்றுங்கள். உடலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவிடுங்கள், விரல் எண்ணெய் போக வேண்டும். காய்ந்ததும் மேட் வார்னிஷ் மெல்லியதாக ஒரு கோட். பளபளப்பான பரப்பில் எதுவும் ஒட்டாது.

அடுத்தது நிறத்தை மங்கவைப்பது. வேகனின் நிறத்தைவிட வெளிறிய ஒன்றை மிக மிக நீர்த்து, எழுத்தின் மேலேயும் சேர்த்துப் போட வேண்டும். வெயில் எழுத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தின்பதில்லை. செங்காவி வேகனுக்கு வெள்ளையைப் பயன்படுத்தாதீர்கள், இளஞ்சிவப்பாகிவிடும். மணல் நிறமோ வெளிர்பழுப்போ சரியாக வரும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் வெளிர் எண்ணெய் வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுக்கலாம். எப்போதும் கீழ்நோக்கித்தான், மழை போகும் வழியில். இழுத்தபின் ஒரு சாயல் மட்டும் மிஞ்சினால் சரியான அளவு. ஒவ்வொரு தகட்டுக்கும் சாயலைக் கொஞ்சம் மாற்றினால் பக்கவாட்டு உயிர்பெறும்.

எண்ணெய் வண்ணத்தைக் குழாயிலிருந்து நேராக எடுக்காமல், ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வண்ணம் மினுமினுக்காமல் சீக்கிரம் காயும்.

மூன்றாவது, மடிப்புகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் இருண்ட கழுவல். ரா அம்பரை ஸ்பிரிட்டில் தேநீர் போல் நீர்த்து, மெல்லிய பிரஷ்ஷால் மடிப்பைத் தொட்டால் அதுவே ஓடிப் பரவும். அதிகமானதைத் துடைத்துவிடுங்கள். இதைக் காயவிட்டு, மறுபடி மெல்லிய வார்னிஷ். இல்லையென்றால் அடுத்த கட்டத்து ஸ்பிரிட் இதைக் கரைத்துவிடும்.

நான்காவது துரு. இங்கே அவசரமே வேண்டாம். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பர்ன்ட் சியென்னாவைக் கொஞ்சம் நீர்த்து, துரு வர வேண்டிய இடத்தில் ஒழுங்கில்லாத சின்னத் திட்டுகளாக வையுங்கள். ஸ்பாஞ்சின் கிழிந்த முனையில் தொட்டு ஒற்றினால் இயல்பான வடிவம் கிடைக்கும். அது இறுகியதும், திட்டின் உள்ளே பர்ன்ட் அம்பரை வையுங்கள், ஓரத்தில் சியென்னா தெரியும்படி. பெரிய திட்டுகளின் நடுவில் இன்னும் கொஞ்சம் கறுப்பு கலந்த அம்பர். பின்பு ஈரப் பிரஷ்ஷால் திட்டின் அடியிலிருந்து ஒரே ஒரு இழுப்பு. கோடு பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், நாள் முழுக்க நேரம் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தை நான் இவ்வளவு விரும்புவது இதற்காகத்தான்.

இரண்டு மூன்று நாள் காய்ந்தபின், கடைசியாகப் பவுடர். அடியில் தூசி, கூரையில் கரி, முகப்பில் சக்கரப் பட்டைகள். மென்மையான பிரஷ்ஷால், கொஞ்சம் கொஞ்சமாக.

பெயிண்ட் சிப்புச் சிப்பாக உரிந்த மாதிரி செய்ய முடியுமா?

முடியும். கொண்டோலா, ஹாப்பர்களின் உள்பக்கத்துக்கு அருமையாக வரும். முதலில் துரு நிறங்களை அடித்து வார்னிஷ் போட்டுக் காயவிடுங்கள். அதன்மேல் சாதாரண ஹேர்ஸ்பிரே இரண்டு கோட், அது காய்ந்ததும் வேகனின் நிறத்தில் அக்ரிலிக். அரை மணிக்குள் தண்ணீரில் நனைத்த முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால், அடியிலிருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து மேல் பெயிண்ட் செதிலாக வரும். அக்ரிலிக் முழுசாக இறுகிவிட்டால் வராது.

ஆல்கஹால் கழுவல் போட்டதும் வேகன் வெள்ளை பூத்துவிட்டது. போச்சா?

போகவில்லை. இந்தியன் இங்க்கையோ பவுடரையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது பலரும் செய்வதுதான். ஆனால் லாக்கர் வகை மேட் வார்னிஷின் மேல் ஆல்கஹால் பட்டால் பால் போல் வெளுக்கும். எனக்கு முதல்முறை நடந்தபோது ஒரு நல்ல டேங்க் வேகனைப் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்து இரவெல்லாம் வருந்தினேன். மறுநாள் அதே வார்னிஷை மேலே இன்னொரு கோட் அடித்ததும் வெள்ளை மறைந்து நிறம் திரும்பியது. நீங்களும் அதைச் செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சில தொழிற்சாலை எழுத்துகளை ஆல்கஹால் கரைத்துவிடும். வேகனின் அடிவயிற்றில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

பவுடர் போட்டது நன்றாக இருந்தது, வார்னிஷ் அடித்ததும் காணோம். ஏன்?

வார்னிஷ் பவுடர்த் துகள்களை நனைத்து ஒளி ஊடுருவ விட்டுவிடுகிறது. வெளிர்நிறப் பவுடர்தான் அதிகம் மறையும். வேண்டியதைவிட அழுத்தமாகப் போட்டு, தூரத்திலிருந்து மெல்லிய தூறலாக வார்னிஷ் அடித்து, மறுபடி பவுடர் போடுங்கள். அதிகம் கையாளாத வேகன் என்றால் கடைசிப் பவுடரை வார்னிஷ் இல்லாமலே விட்டுவிடுவேன்.

சக்கரங்களையும் போகிகளையும் எப்படி?

இதைப் பெரும்பாலோர் கடைசியில் அவசரமாக முடிக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். ஏனென்றால் காலத்தைக் காட்டும் தெளிவான அடையாளம் சக்கர முகத்தில்தான் இருக்கிறது. பழைய சாதா பேரிங்குகளில் எண்ணெய் ஊற்றுவார்கள். அது கசிந்து சக்கரத்தின் முகத்தில் தெறித்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். 1960களில் பரவிய ரோலர் பேரிங்குகள் மூடியவை, எண்ணெய் தெறிக்காது. அவற்றின் சக்கர முகம் காய்ந்த துரு நிறம். 1950களின் வேகனுக்கு எண்ணெய்க் கறுப்பு, 1980களின் வேகனுக்குத் துருப்பழுப்பு. இரண்டிலும் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு மட்டும் வெள்ளி போல் பளபளக்கும்.

பெயிண்ட் அடிக்கும்போது அந்தப் பரப்பிலும் அச்சின் ஊசிமுனையிலும் படக் கூடாது. முனையில் பட்டால் வேகன் உருளாது, பரப்பில் பட்டால் அழுக்குச் சேர்ந்து தண்டவாளம் முழுக்கப் பரவும். போகிச் சட்டங்கள் பல, பெயிண்ட் ஒட்டாத வழுக்குப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அவற்றுக்குப் பவுடர் போதும். கப்ளருக்கும் அப்படியே, தடிப்பாகப் பெயிண்ட் அடித்தால் விரல் மூடாமல் சிக்கும்.

சாக் எழுத்து, பெயர் மாற்றம், கிராஃபிட்டி?

யார்டு ஊழியர்கள் வேகன் எங்கே போக வேண்டும் என்பதைச் சாக்பீஸால் பக்கவாட்டில் கிறுக்குவார்கள். நீராவிக் காலப் படங்களில் கையெட்டும் உயரத்தில் இதைப் பார்க்கலாம். கூர்மையாகச் சீவிய வெள்ளைப் பென்சில் போதும். கதவிலும் முகப்பிலும் இருக்கும் சின்ன மரப்பலகையில் வழிச்சீட்டுகளை அடித்துவைப்பார்கள். கிழிந்த சீட்டின் மிச்சமாக மிகச்சிறு வெள்ளைத்தாள் துணுக்குகளை ஒட்டுங்கள்.

ரயில்வேக்கள் இணையும்போது பழைய பெயரை ஒரு பெயிண்ட் ஒட்டால் மறைத்துப் புதுக் குறியை எழுதுவார்கள். 1968இல் பென் சென்ட்ரல், 1970இல் பர்லிங்டன் நார்தர்ன், 1976இல் கான்ரெயில் என்று வரிசையாக நடந்ததால் எழுபதுகளின் ரயிலில் இப்படிப்பட்ட வேகன்கள் நிறைய. ஒட்டு வேகனைவிடப் புதுசு என்பதால் வேகனை மங்கவைத்தபின்தான் ஒட்டைப் போட வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் தூசி. ஸ்பிரே கிராஃபிட்டி 1980களுக்குப் பிந்தைய ரயில்களுக்குத்தான். பல இடங்களில் அது வேகனின் எண் மேல் படாமல் இருக்கும், பட்டிருந்தால் எண்ணை மறுபடி எழுதியிருப்பார்கள்.

எவ்வளவு பெரிதாகப் போடுவது?

ஒரு கணக்கு போடுங்கள். ஹெச்ஓவில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 87 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். இன்னும் சிறிய 'N' அளவில், அதாவது 1:160இல், அது 16 சென்டிமீட்டர். சாதாரணப் பிரஷ்ஷில் இழுத்த ஒரு துருக்கோடு நிஜத்தில் பெரிய வாளியைக் கவிழ்த்தது போலாகிவிடும். அதே போல், மாதிரியை 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது நிஜ வேகனை 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரு படி வெளிறித்தான் தெரியும். கறுப்புக்குப் பதில் அடர்சாம்பலைப் பயன்படுத்துங்கள்.

எல்லா வேகனையும் ஒரே அளவு பழசாக்கலாமா?

வேண்டாம். ஒரு யார்டுப் படத்தை எடுத்து அதில் எத்தனை புதுசு, எத்தனை நடுத்தரம், எத்தனை மோசம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை நடுத்தரமாகத்தான் இருக்கும். உங்கள் ரயிலிலும் அப்படியே இருக்கட்டும், துரு தின்ற வேகன் ஒன்றிரண்டு போதும். வேகன்களை ஒரே நாளில் வரிசையாக வைத்துச் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு வந்துவிடும். நான் ஒவ்வொன்றுக்கும் கலவையைப் புதிதாகக் கலக்குகிறேன்.

விலை உயர்ந்த மாதிரியில் கைவைக்கப் பயமாக இருக்கிறது.

பழைய, மலிவான வேகன் ஒன்றில் முழுதாக ஒருமுறை செய்து பாருங்கள். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நல்ல மாதிரியில் முதலில் பவுடர் மட்டும் போடுங்கள், வார்னிஷ் அடிக்காதவரை அது தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

எந்த வெளிச்சத்தில் வேலை செய்வது?

உங்கள் ரயில்பாதையில் என்ன விளக்கோ அதே விளக்கில். மஞ்சள் விளக்கில் செய்த துரு, வெள்ளை விளக்கில் வேறாகத் தெரியும்.

பாதுகாப்பு?

ஸ்பிரே, வார்னிஷ், ஸ்பிரிட் எதுவானாலும் காற்றோட்டமான இடம், முகத்தில் ஆவி தடுக்கும் வடிகட்டி முகமூடி, கையில் நைட்ரைல் கையுறை. பவுடரை வாயால் ஊதாதீர்கள், வேகனைக் கவிழ்த்துத் தட்டுங்கள்; நுண்தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. ஸ்பிரிட் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணம் தோய்ந்த துணி சுருண்டு கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

முடிந்த வேகனை எப்படிக் கையாள்வது?

பக்கவாட்டில் பிடிக்காமல் போகிகளுக்குப் பக்கத்தில், அடிச்சட்டத்தில் பிடியுங்கள். பெட்டிக்குள் வைக்கும்போது மென்மையான பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள், பஞ்சு நுரை பவுடரைத் துடைத்துவிடும். எந்தப் படத்தை வைத்துச் செய்தீர்கள், எந்த வருடத்துக்கானது, என்ன வண்ணங்கள் என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே ரயில்வேயின் இன்னொரு வேகனைச் செய்ய உட்காரும்போது அந்தச் சீட்டைத்தான் முதலில் தேடுவீர்கள்.